எழுபத்து நாலாம் தாங்கி

படம் என்றால் இந்த இடத்தில்
மேசையில் ஒரு வரைபடம் விரியும்,
மின்விசிறியின் நிழல் நாலு முகங்களையும் வெட்டிவெட்டிப் போகும்.
எங்களுக்கு மின்விசிறி இல்லை.
உள்துறைமுக வீதியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்,
ரப்பர் வாசத்துக்குள் மாலு பாணைப் பிய்த்தபடி
பேசி முடித்தோம்:
சீனன்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் விட்டுப்போன
எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றை
குருநாகல் பழைய இரும்பு முதலாளிக்கு விற்பது.

அது ஆருடைய தாங்கி என்று கேட்டேன்.
செபரெத்தினம் சிரித்தான்.
‘அதைத்தானே பெரிய பெரிய நாடெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கு.
அவங்கள் கேட்டு முடியிறதுக்குள்ள
நாங்கள் வித்திடுவம்.’

கடிதம் நேசமலரின் பொறுப்பு.
கச்சேரியில் பதினொரு வருடம் தட்டச்சு செய்தவள்.
‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று தொடங்கினால்
மூன்றாம் வரிக்கு மேல் எவனும் வாசிக்கமாட்டான்,
நாலாம் வரியில் என்னவும் எழுதலாம் என்பாள்.
பிழைத்த பிரதிகளை ஜன்னலால் போட்டாள்.
தெருவில் திரிந்த புள்ளிமான்கள்
நின்று நிதானமாகத் தின்றுவிட்டுப் போயின.
தடயம் அழிக்க இந்த ஊரில் நெருப்பு வேண்டாம்.

முத்திரையை ஜவ்பர் வெட்டினான், பழைய செருப்படியில்.
சிங்கத்தின் வால் சற்றுத் தடித்துவிட்டது.
‘பரவாயில்லை, மை கூடிப்போச்சு எண்டு நினைப்பாங்கள்.’

நான் எஞ்சினியர்.
மஞ்சள் ஹெல்மெட், ஒரு சுத்தியல்.
தட்ட வேண்டும், காது வைக்க வேண்டும், தலையாட்ட வேண்டும்.
வாய் திறக்கக் கூடாது.
மூன்று நாள் ஒத்திகை.
துரு உள்ளங்கையில் ஒட்டியது, கழுவியும் போகவில்லை.
தட்டினால் உள்ளே வௌவால்கள் புரண்டன;
பிறகு ஒரு சத்தம்,
காய்ச்சலில் கிடக்கும் மணி முனகுவது போல,
நாங்கள் நடந்து றோட்டுக்கு வந்த பிறகும் நிற்காமல்.

முதலாளி வந்தார்.
கோணேசருக்கு அர்ச்சனை செய்த தட்டு
வானின் முன்சீட்டில், தேங்காய்ப் பாதியோடு.
தட்டினேன். காது வைத்தேன். தலையாட்டினேன்.
மற்றவர்களை விட்டுவிட்டு என்னருகே வந்து
தனக்குத் தெரிந்த தமிழில் மெல்லக் கேட்டார்:
‘நல்ல சாமானா, மாத்தையா?’
‘நல்ல சாமான்’ என்றேன்.
ஒத்திகையில் இல்லாத வசனம்.
அந்தப் பகல் முழுக்க எங்களில் யாரும் சொன்ன
ஒரேயொரு உண்மையும் அதுதான்.

முற்பணம் அறுபது லட்சம்.

படம் என்றால் இங்கே முடிந்துவிடும்.
செபரெத்தினம் கொழும்பு இரவு ரயிலில்,
ஜவ்பர் கிண்ணியாப் பாலத்தால்,
நேசமலர் எந்த வழி என்று இன்றுவரை தெரியாது.
என் பங்காக விட்டுப்போனது
ஹெல்மெட்டும் மாலு பாண் கடைக் கடனும்.

விடியச் சீனன்குடாவுக்குப் போனேன்.
சுத்தியலை மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு.

தாங்கியடியில் பதினேழு பேர்.
பிளாஸ்டிக் பைலுக்குள் சான்றிதழ்கள்.
ஒருவனுக்கு வெல்டிங் தெரியுமாம்.
ஒருவன் கட்டாரில் கிரேன் ஓட்டினானாம், கை காட்டினான், இரண்டு விரல் இல்லை.
தாயோடு வந்த பெட்டை கணிதத்தில் ஏ.
‘ஐயா, வேலை தொடங்குதாமே?’
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
மூன்று நாள் ஒத்திகையைக் காடு முழுக்கப் பார்த்திருக்கிறது.

ஒருவன் பேனை தந்தான்.
முற்பணப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்:
பெயர். வயது. ஊர். தெரிந்த வேலை.
பதினோராவது பெயரில் லொறிச் சத்தம்.
வடமேல் மாகாணத் தகடு, மூன்று லொறிகள்,
காஸ் சிலிண்டர்களின் மேல் சாய்ந்து நித்திரை கொள்ளும் வெட்டுகாரர்.

பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஹெல்மெட்டின் வாரை இறுக்கினேன்.
கையை உயர்த்தி,
பின்னால வா, வா, கொஞ்சம் இடப்பக்கம், நில் என்று
முதல் லொறியைத் தாங்கியடிக்கு எடுத்தேன்.