தலைக்கு விலை

கார்லோ கச்சேரியில் மூன்றாம் நாளாக மழை.
கதவுக்கு வெளியே சாக்கோடு நிற்கிறாள் சைவ்,
பிரென்னன் வீட்டு விதவை.
சாக்கு மூலையிலிருந்து சொட்டுவது
வாசற்கல்லில் சிவப்பு,
படி இறங்குவதற்குள் வெறும் தண்ணீர்.

நான் துபாஷி.
இரண்டு மொழிக்கும் நடுவே நிற்க
நாளுக்கு நான்கு பென்னி.

கணக்கர் கிரிம்ஷா துரை பேனா சீவியபடி
விலையைப் படிக்கச் சொன்னார்.
பெட்டை ஆறு பவுன்.
கடுவன் ஐந்து.
தானே இரை தேடும் குட்டி, நாற்பது ஷில்லிங்.
பால்குடி மறக்காதது, பத்து.
அதே தாளில் சற்றுக் கீழே பாதிரியார்.
அவரும் ஐந்துதான்.

வாட்டர்ஃபோர்டு துறையில்
எங்கள் பையன்களை ஸ்பெயினுக்குக் கப்பலேற்றுகிறார்கள்,
கேட்பாரில்லை.
ஓநாய் பிடிக்கும் நாயை மட்டும் ஏற்றக் கூடாதாம்.

சாக்கை அவிழ்த்தாள்.
ஒரு காதில் பழைய கிழிசல்.
பல்லுக்கிடையில் நாக்கு.
'ஆணா பெண்ணா, கேள்.'
'பெண்.'
'தலையை வைத்து எப்படித் தெரியும்?'
'மடி கனத்திருந்தது.'
சொன்னேன், ஒரு சொல் குறையாமல்.

ஆறு பவுன் எண்ணி வாங்கினாள்.
ஷானன் ஆற்றுக்கு மேற்கே போய்விடச் சொல்லி
அவளுக்கும் ஓலை வந்திருந்தது.
வண்டிக்காரன் முன்பணம் கேட்கிறான்.
படியில் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:
'கடுவன்தான் அது.
ஒரு பவுன் கூட வருமே.'

எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையாகவே.
உள்ளே கிரிம்ஷா சிப்பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:
மடி கனத்திருந்தால் குட்டி இருக்கும்.
பிரென்னன் மலையைச் சல்லடை போடுங்கள்.

நான் திருத்தியிருக்கலாம்.
திருத்தினால் அவளுக்குத் தூக்கு.
என் சம்பளமும் போகும், அதையும் நினைத்தேன்.

நான்காம் நாள் வெயில்.
நாய்கள் திரும்பின.
பெட்டை ஒன்று.
கண் திறக்காதவை நான்கு.
ஆறும் இரண்டும் எட்டு, கணக்கு நேரானது.

வார்த்தை சேர்ப்பதில் துரைக்கு ஆசை.
பேரேட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார்.
'உங்கள் பேச்சில் இதற்கு என்ன?'
'மாக் டீரே.'
'அர்த்தம்?'

மண்ணின் மைந்தன்.
இங்கிலீஷிலும் அது எனக்குச் சொல்ல வரும்.

'ஓநாய்தான் துரை' என்றேன்.

எழுதினார்.
ஈரம் காய
அதன்மேல் ஒரு பிடி மணல் தூவினார்.