நான்கு எழுத்து, ஒரு புள்ளி

புதன்கிழமைகளில் சொற்களுக்குச் சீட்டு ஒட்டுவோம்.
ஆம்ஸ்டர்டாம், கால்வாய் பார்த்த மூன்றாம் மாடி,
காப்பி எந்திரம் கெட்டு ஒன்பது நாளான அறை.
அகராதியில் என் வேலை சொற்பம்:
பத்தி அகலம் பார்ப்பது.
ஒரு குறிக்கு நான்கு எழுத்து, ஒரு புள்ளி.
அதற்குள் ஒரு சனத்தை மடித்து வைக்க வேண்டும்.

அன்றைக்கு முதல் சொல் ‘யாட்டன்’.
திருடு, சுடு, கைவரிசை காட்டு.
போன பதிப்பில் அதன் ஓரத்தில்
யூதர் வழக்கு என்று குறி இருந்தது.
ஸாரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“யாட் என்றால் எங்களிடம் கை.
ரொட்டி பிட்கிற கை, பிள்ளைக்குத் தலை வாருகிற கை.
அதைக் களவாக்கியது இந்த ஊர்ச் சந்தை.
மீன்காரன், மூட்டைக்காரன், போலீஸ்காரன்
எல்லோரும் சேர்ந்து.
கையை வாங்கிக்கொண்டீர்கள்.
களவை மட்டும் ஏன் எங்கள் கணக்கில் எழுதுகிறீர்கள்?”

“வேர் வேறு, வசவு வேறு,” என்றாள்
தலைமைப் பதிப்பாளர் சிட்ஸ்கெ.
“அச்சில் இரண்டுக்கும் ஒரே மை.”
“திசைச்சொல் என்று போட்டுவிடலாமா?”
“எந்தத் திசை? நான் பிறந்தது நாலு தெரு தள்ளி.”

அடுத்த சீட்டு ‘பாயஸ்’. சிறை.
அதன் வேரில் வெறும் வீடுதான் இருக்கிறது.
மாமியார் வீடு என்று சொல்லிச் சிரிக்க
எந்த ஊருக்கும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.
ஸாரா சிரிக்கவில்லை.
“என் பெரிய அத்தையின் கோட்டில் தைத்ததும்
நான்கு எழுத்துதான், வைப்ரன்,” என்றாள் என்னிடம்.
நான் அளவுகோலை மேசைக்கடியில் வைத்தேன்.

மணி மூன்றுக்கு ‘ஒஸ்ஸோ’ வந்தது.
அதுவும் வீடு. ஆனால் சாவி நம் கையில் உள்ள வீடு.
“இளைஞர் வழக்கு,” என்று சிட்ஸ்கெ எழுதத் தொடங்க,
“இளைஞர் என்பது எந்தத் துறைமுகம்?” என்றான் இம்ரோ.
அதுவரை பென்சில் சீவிக்கொண்டிருந்தவன்.

“எழுபத்து மூன்றில் அம்மா பரமாரிபோவில் விமானம் ஏறினாள்.
எடைக்குக் காசு கேட்காமல் விட்டது இந்த ஒன்றைத்தான்.
பள்ளியில் இதைச் சொன்னேன், வெளியே நிற்க வைத்தார்கள்.
இப்போது ஃப்ரீஸ்லாந்தில் மாடு மேய்க்கிற பையன்களும் சொல்கிறார்கள்.
உடனே அது இளமை ஆகிவிட்டது, இல்லையா?
சூரினாம் என்று போடுங்கள். முழுதாக.
பத்தி உடைந்தால் உடையட்டும்.”

“ஆனால் அது முதலில் ஆங்கிலம்தானே,”
என்றான் புதிதாக வந்த பையன், நோட்டைப் பார்த்துக்கொண்டே.
“ஆமாம். கரும்புத் தோட்டத்தில் காதில் விழுந்தது.
கூலி தராதவனிடமிருந்து எடுத்தது.
வேண்டுமானால் அதற்கு யாட்டன் என்று குறி போடு.”
ஸாரா முதல்முறையாகச் சிரித்தாள்.

அதற்காக இருவரும் ஒரு கட்சி ஆகிவிடவில்லை.
அவள் சுரண்டி எடு என்கிறாள்.
அவன் ஆணி அடி என்கிறான்.
என்னிடம் இருப்பது ஒரே ஒரு விதிமுறைத் தாள்.
ஒத்திவைத்தோம். அடுத்த புதன்.

ஐந்தரைக்கு இறங்கினால் தூறல்.
பாலத்துக் கம்பியில் அறுந்த சங்கிலி மட்டும்.
பச்சைச் சைக்கிள், இந்த ஊரில் எனக்கு மூன்றாவது.
வாயில் முதலில் வந்தது அந்தச் சொல்தான்.
குறியில்லை, புள்ளியில்லை,
கால்வாயின் அக்கரை வரை கேட்டிருக்கும்.

திரும்பினால் ஸாரா, பாதி விரித்த குடையோடு.
எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.
உள்ளங்கை இரண்டையும் எனக்கு விரித்துக் காட்டினாள்.
“நான் எடுக்கவில்லை,” என்றாள்.

அதற்குச் சிரிக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை.
டிராம் நிறுத்தத்திலிருந்து இம்ரோ கத்தினான்:
“நனையாதே, ஒஸ்ஸோ போய்ச் சேர்!”
கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு
நடந்தே போனேன்.