மாதம் இரண்டு சனிக்கிழமை

ஹெரஃபோர்டுக்கு வெளியே, செம்மறி மேயும் பண்ணையில்
மாதம் இரண்டு சனிக்கிழமை
நான் இராணுவம்.

தொண்ணூறு பவுண்ஸ். மத்தியானம் முட்டை சாண்ட்விச்.
துவக்கு, மரம்.
தொப்பி கிரெய்க்குடையது. அவன் மெய்யாகவே
எங்கோ சண்டை பிடித்தவன். எங்கென்று சொன்னதில்லை.
தேத்தண்ணிக்கு நாலு சீனி போடுவான்.

காலையில் அவன் வகுப்பு. பின்வரிசையில்
சப்பாத்துக் கயிறு கட்டியபடி நானும் கேட்பேன்:
காசை மூன்றாய்ப் பிரி, ஒரு பங்கு பறிகொடுக்கவென்றே இருக்கட்டும்.
போன வழியால் திரும்பாதே.
இரண்டு மணிக்கொருதரம் யாருக்காவது இடம் சொல்லு.
இரத்தத்துக்கு இறுக்கிக் கட்டினால்
கட்டிய நேரத்தைக் காயக்காரன் நெற்றியில் எழுது.
சாவடியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்று.
கை தெரியட்டும். கை தெரியட்டும்.

அடுத்த மாதம் பறக்கப் போகிறவர்கள் எழுதிக்கொள்வார்கள்:
கிணறு தோண்டப் போகிற பெண்,
தடுப்பூசிப் பெட்டியோடு போகிற டொக்டர்,
படம் பிடிக்கப் போகிற, கொட்டாவி விடுகிற பொடியன்.
ஒரு படிவமும் உண்டு.
கடத்தப்பட்டால், உயிரோடிருப்பது நீதான் என்று காட்ட
உனக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி ஒன்று எழுதவேண்டும்.
பொடியனின் கொட்டாவி அந்தக் கோட்டில் நின்றுவிட்டது.

பிறகு, மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால், வளைவில்
வானை மறிப்பேன்.

ஏதாவது அந்நிய மொழியில் கத்து, அதுதான் பேச்சு.
முதல்நாள் மிரட்டச் சொல் வரவில்லை.
வாயில் வந்ததைக் கத்தினேன்:
மைசூர்ப் பருப்பு ரெண்டு கிலோ! செத்தல் மிளகாய்!
தேங்காய்ப்பால் மா, பெரிய பக்கெற்!
டொக்டர் ஒருத்தர் அழுதேவிட்டார்.
கிரெய்க் முதுகில் தட்டினான்.
அன்றிலிருந்து கடைச் சிட்டைதான். இரண்டு வருசம்.

போன சனி மழை.
கிணற்றுப் பெண், பெயர் பிரையனி,
இறங்கி, கை தெரிய, மிகச் சரியாக நின்றாள்.
உப்பு, புளி என்று வரவேண்டிய வாயில்
முழங்கையைக் காட்டு
என்று வந்தது.

அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும்.
பாதித் தமிழ். விடியப்புறம், பற்பசை மணம்.
எனக்குப் பத்தொன்பது.
ஊர்ந்து பழகிய தழும்பு தேடினான்.
சைக்கிளால் விழுந்தது ஒன்று இருந்தது.
அதை விளங்கப்படுத்த ஆறு மணித்தியாலம் ஆனது.
எனக்கு யாரும் வகுப்பெடுத்திருக்கவில்லை.
படிவத்தில் கேள்வியும் இல்லை.

பிரையனிக்குத் தமிழ் தெரியாது.
துவக்கு முனை போன பக்கம் பார்த்து
மழைச்சட்டைக் கையை மெல்ல மடித்தாள்.
முழங்கை சிவந்து, சொறிந்து, வெள்ளைக் களிம்பு அப்பியிருந்தது.
எக்ஸிமா, என்றாள்.
மன்னியுங்கள், என்றாள்.

போ, என்றேன்.
கிரெய்க் தூரத்தில் மணிக்கூட்டைப் பார்த்தான்:
இன்னும் பதினைந்து நிமிடம் இருந்ததே.

வீட்டுக்குப் போகையில், லெட்பரி தாண்டி
கண்ணாடியில் நீல வெளிச்சம்.
ஒதுக்கினேன். எஞ்சினை நிறுத்தினேன். உள்லைட்டைப் போட்டேன்.
இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், விரல் விரித்து.
யன்னலை இறக்க ஒரு கை எடுக்கவேண்டும்.
எடுக்கவில்லை.
பொலிஸ்காரி தட்டினாள். கதவைத் தானே திறந்தாள்.
வலது பின்லைட் எரியவில்லை, சேர்.
பிறகு என் சேர்ட் கையைப் பார்த்தாள். சிவப்பு.

சோளப் பாகு, என்றேன். சாயம். அது, வேலை.
இதைவிட நம்பமுடியாத பதிலை
பத்தொன்பதில்கூட நான் சொல்லவில்லை.
குனிந்து மணந்து பார்த்தாள். சிரித்தாள்.
பல்பை மாற்றச் சொல்லிப் போய்விட்டாள்.

கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

போனில் மனைவி: எவ்விடம் நிக்கிறியள்?
லெட்பரி தாண்டி, ரோட்டோரம், என்று அனுப்பினேன்.
சரி. பருப்பு முடிஞ்சுது,
ரெண்டு கிலோ.