கேட் போட்ட நேரம்

சனிக்கிழமை மூன்று மணி.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டிய
டியூஷன் சென்டர் மாடி.
போர்டில் யாரோ அழிக்காமல் விட்ட சைன் தீட்டா.
அதன் கீழே ஆறு பேர்,
ஜெராக்ஸ் எடுத்த ஒரு கதை,
சிவப்புப் பேனா ஒன்றே ஒன்று.
அந்த வாரம் அது என்னிடம் இருந்தது.

டில்லிபாபு வாசித்தான்.
காசிமேட்டில் ஐஸ் பார் சுமக்கும் ஒருவரின் கதை.
பாதியில் கேட் விழுந்தது.
கூட்ஸ் வண்டி போகும்போது
எங்கள் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை,
பேசினாலும் கேட்காது.
'சாக்கைத் தோளில்' என்று நின்றவன்
ஐம்பத்து நான்கு பெட்டி கழிந்தபின்
'மடித்துப் போட்டார்' என்று தொடர்ந்தான்.
அந்த இடைவெளி நன்றாக இருந்தது.
அவன் எழுதியதில்லை என்பதால்
பாராட்ட முடியவில்லை.

பிறகு அந்த வரி வந்தது:
ஐஸ் கட்டி அவர் தோளில் அழுதது.
இமானுவேல் 'செம' என்றான்.
ஷகிலா பானு உச்சுக் கொட்டினாள்.
நான் பேனா மூடியைத் திறந்தேன்.

அந்த வருடம்
படிமம் என்ற சொல்லைப் புதுச் செருப்பு மாதிரி
போகிற இடமெல்லாம் போட்டுக்கொண்டு போனவன் நான்.
ரசத்தில் தொனி சரியில்லை என்று சொல்லி
அக்காவிடம் கரண்டியடி வாங்கியவன்.
சொன்னேன்:
'தேஞ்ச படிமம்.
மெழுகுவத்தி அழுதாச்சு, மேகம் அழுதாச்சு,
போன இதழ்ல கார்ப்பரேஷன் குழாகூட அழுதாச்சு.
இந்த ஐஸையாவது சும்மா விடலாம்.'
சிரித்தார்கள்.
எனக்கு அது பிடித்திருந்தது.

டில்லி சண்டைக்கு வரவில்லை.
'கரெக்ட்தான்டா' என்றான்.
'அது அழல. உருகிச்சு, அவ்ளோதான்.
அழுதுச்சுன்னு போட்டா
நீங்க உச்சுக் கொட்டுவீங்கன்னு போட்டேன்.'

ஷகிலா தலை குனிந்து
துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.
பிறகு கேட்டாள்:
'சரி, நெசமா அங்க இன்னாதான் இருக்கும்?'

அவன் ஜெராக்ஸைச் சுருட்டினான்.
ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
'நைனாவுக்கு வலது தோளு
ராத்திரிலயும் ஜில்லுன்னு இருக்கும்.
தொட்டா அவருக்கே தெரியாது.
சித்திரைல கரண்ட் போச்சுன்னா
அந்தப் பக்கம் யாரு படுக்குறதுன்னு
நானும் தம்பியும் அடிச்சுக்குவோம்.
அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.
ரெண்டு பேரும் தூங்கினப்புறம்
தலமாட்ட மாத்திப் போட்டுப் படுப்பாரு,
தோத்தவன் பக்கம்
வலது தோளு வர்ற மாதிரி.'

யாரும் பேசவில்லை.
அப்போது ரயிலும் வரவில்லை.

'டேய், இத எழுதுடா.'
ஐந்து பேரும் ஒன்றாகச் சொன்னோம்.
'இது கதைக்கு இல்ல.'
'அப்ப எதுக்கு?'
'எதுக்கும் இல்ல.'
இமானுவேல் டீ வாங்கப் போனான்.
நான் கூட்டக் குறிப்பில் எழுதினேன்:
மூன்றாம் பத்தியில் ஒரு வரி நீக்கம்.
வேறு மாற்றம் இல்லை.

கதை இதழில் வந்தது. நன்றாகவே இருக்கிறது.
எங்கே குளிர் போதவில்லை என்பது
எங்கள் ஆறு பேருக்குத்தான் தெரியும்.
நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற
விமர்சனச் சொற்களில்
தன் நல்ல வரியைத் தராமல் போகிறவனுக்கு
ஒரு பெயரும் இல்லை.

அவன் தராததை
இதோ நான் எழுதிவிட்டேன்.
நைனாவை, தலைமாட்டை, தம்பியை.
ஒரு முறை அதை நீக்கிப் படித்துப் பார்த்தேன்.
மிச்சம் இருந்தது
கூட்ஸ் வண்டி மட்டும்.

இந்தச் சனிக்கிழமை வாசிப்பது என் முறை.
சிவப்புப் பேனா டில்லியிடம்.
அந்த இடம் வரும்போது
கேட் விழுந்தால் தேவலை.
எத்தனை பெட்டி இருந்தாலும் சரி.