கிவ் அப், கிவ் இன்

காரைக்குடி கல்லுக்கட்டியில்
ஜெராக்ஸ் கடை மாடி, ஆறரை மணி வகுப்பு.
'கிவ்' ஒன்றுதான்.
'அப்' ஒட்டினால் கைவிடுவது,
'இன்' ஒட்டினால் விட்டுக்கொடுப்பது.
சோலச்சி நடுவில் கோடு போட்டுக்கொண்டாள்.

பெரிய வீட்டுக்குப் பதினேழு பங்கு.
மெல்போர்ன் பங்காளிக்குத் தமிழ் வராது.
இரண்டாம் கட்டு அறைச் சாவியில் மட்டும்
இந்தத் தடவை இறங்கிப் போகலாமென்று
ராத்திரி வாட்ஸ்அப்பில் தட்டினாள்:
'ஐ கிவ் அப்.'

விடியுமுன் பதில். நன்றி,
வக்கீல் பத்திரம் அனுப்புவாராம்,
மொத்தப் பங்குக்கும்.

திருத்தப் போனாள்.
அந்தப் பூட்டுக்கு வருஷா வருஷம் எண்ணெய் விட்ட விரல்
எழுத்துமேல் நின்றது,
அழுத்தவில்லை.

சாயங்காலம் 'புட் அப் வித்'.
மூணு சொல்லா, என்று அலுத்துக்கொண்டான் பக்கத்துப் பையன்.
பொறுத்துப்போக
அவ்வளவு வேணும், என்றாள் சோலச்சி.