ஒன்பதில் நிற்கும் ஊசி

கம்பியை வெட்டும்போது
அரை மீட்டர் கூடுதலாக விட்டு வெட்டு.
வெட்டின கம்பி வளராது.
நாற்பது மீட்டர் அலைக்கு
இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து.
ஒரு முனை தண்ணீர்த் தொட்டியில்,
மறு முனை பின்வீட்டுத் தென்னையில்.
தென்னை ஆடும்.
கப்பி போட்டுச் செங்கல் ஒன்றைத் தொங்கவிடு,
ஆட்டத்தைச் செங்கல் பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்ன சங்கத்தில்தான்,
கீழக்குயில்குடி கண்மாய்க்கரையில்,
ஞாயிறு காலை ஏழு மணிக்கு
என் புகாரை வைத்தேன்:
ராத்திரி எட்டரை ஆனால் ஓர் இரைச்சல்.
எண்ணெயில் அப்பளம் விழுந்த மாதிரி.
மீட்டர் ஊசி ஒன்பதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.
கண்டியிலிருந்து கூப்பிடுகிறவர்
அப்பளத்துக்கு அடியில் கிடக்கிறார்.

வீரணன் ஒன்றே ஒன்று கேட்டார்:
"மொதல்ல ஒங்க வீட்டு மெயினை அமத்திப் பாத்தீங்களா?"
பார்த்தேன் என்றேன்.
பார்க்கவில்லை.
எட்டரைக்கு மெயினை அணைத்தால்
பூரணவல்லி என்ன சொல்வாள் என்று
வீரணனுக்குத் தெரியாது.

எஸ்தர் சொன்னாள்,
வட்டமா எதையாவது எடுங்க,
நாலு சுற்று செப்புக்கம்பி,
பழைய ரேடியோவிலிருந்து ஒரு கேங் கண்டென்சர்.
ஓங்கிக் கேக்குற திசையை நம்பாதீங்க, அது அகலம்.
சத்தம் செத்துப்போற இடத்தைத் தேடுங்க, அது கூர்மை.
வளையத்தோட ஓட்டை வழியாப் பாத்தா
ஆள் அங்க இருப்பான்.

வண்டியை உதைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்:
"முன்னாடியா பின்னாடியான்னு மட்டும் அது சொல்லாது."
காதில் விழுந்தது. அதோடு சரி.

பூரணவல்லியின் பூத்தையல் வளையம் ஒன்று
அலமாரிக்குப் பின்னால் கிடந்தது.
கிடந்தது என்பது என் கட்சி.

ஜெய்ஹிந்துபுரம், எங்கள் தெருமுனை.
திருப்பத் திருப்ப இரைச்சல் மெலிந்து
அணைந்த இடத்தில்,
ஓட்டைக்குள் பரோட்டாக் கடை.
சிவப்பும் பச்சையுமாய் ஓடும் எழுத்துப் பலகை.
கடைக்காரர் கபீர் நல்ல மனுஷன்,
ஐந்து நிமிடம் பலகையை அணைத்து வைத்தார்.
கடை மூடியாச்சு என்று இரண்டு பேர் திரும்பிப் போனார்கள்.
அப்பளம் பொரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேர், மூன்று இடம்:
பள்ளிக்கூடச் சுவரோரம், டிரான்ஸ்பார்மர் அடியில்,
நான் அதே முனையில்.
தெருப்படத்தில் மூன்று பென்சில் கோடுகள்
ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட புள்ளியில்
ஜெய்னுலாப்தீன் விரலை வைத்துக் கேட்டார்,
"இது யார் வீடு?"

யாரும் சிரிக்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

படியேறி, வாசலில் நின்று
வளையத்தைத் தூக்கிப் பிடித்தேன்.
அணைந்தது.
ஓட்டைக்குள் பூரணவல்லி.
பவர் மெஷின், கல்யாண ஆர்டர்,
பன்னிரண்டு ஜாக்கெட், பல்லிடுக்கில் குண்டூசி.
என் ஊசி ஏறின போதெல்லாம்
அவள் ஊசி இறங்கியிருக்கிறது.

குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
"இந்த வீட்ல நான் ஒருத்தி இருக்கறது
ஒங்க பெட்டிக்காவது கேட்டிருக்கே."
பிறகு கையில் இருப்பதைப் பார்த்தாள்.
"இதை எத்தனை நாளாத் தேடறேன்."

குறிப்பு, இனி வருபவர்களுக்கு:
மோட்டாரின் மின்கம்பியை
மெஷினை ஒட்டியே ஃபெரைட் வளையத்தில் ஏழு சுற்று சுற்றவும்.
ஒன்பது, நாலுக்கு இறங்கும்.
கண்டிக்காரர் பெயர் இப்போது முழுசாய்க் கேட்கிறது.

மிச்சம் அந்த நாலு இருக்கிறது.
அது நிற்கிற நேரத்தைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதுகிறேன்.
பதினொன்று பத்து.
பதினொன்று நாற்பது.
நேற்று ஒரு மணி.

பூத்தையல் வளையத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.
செப்புக்கம்பி அழுத்திய நாலு தடம்
மரத்தில் போகவில்லை.
அதன் மேலேயே துணியை இறுக்கி
திருகை முறுக்கினாள்.