மின்தடை

பீன்யா, இரண்டாம் ஸ்டேஜ். ராத்திரி ஒன்றே முக்கால்.
தெர்மோகோல் பெட்டியில் திரவ நைட்ரஜன்
வெள்ளையாய்ப் பொங்கி வழிகிறது.
அடியில் ஒரு வளையம்,
நாலு மில்லிமீட்டர் நாடா.
இதே வேலைக்குச் செம்பென்றால் மணிக்கட்டுத் தடிமன்.
இது காற்றில் பறக்கும் கனம்.
விமானம் அதைத்தான் கேட்கிறது.

திரையில் மின்தடை: பூஜ்யம்.
திப்பேசுவாமி கைதட்ட எழுந்தார்.
நேரம் பார்த்ததுபோல்
ஏரியா முழுக்க மின்தடை.

ஒரே சொல். எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு அதைக் கன்னடத்தில் விளக்கத் தெரியவில்லை.

ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தோம்:
பெட்டியோரம் வைத்த காந்த ஊசி
இன்னும் வடக்கை மறந்தே நின்றது.
யாரும் தராத மின்சாரம்
உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது,

நைட்ரஜன் இருக்கும்வரை.
குடுவையைச் சாய்த்துப் பார்த்தேன்.
அரை லிட்டர்.